ஜெஃப்ரி பாவா நினைவு மாலை: கட்டிடத்தில் தொடங்குவதா, தோட்டத்தில் தொடங்குவதா?

செங்காந்தள் (கேள்வி)

வணக்கம். கட்டிடக்கலை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து மே 27 அன்று இலங்கைக் கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவுக்கு ஒரு மாலை நேர நினைவு நிகழ்ச்சி நடத்துகிறோம். 2003-இல் அவர் மறைந்த நாள் அது. நாற்பது நிமிடப் பேச்சு, பன்னிரண்டு காட்சிப் பலகைகள், கல்லூரி வளாகத்தில் ஒரு சின்னச் செய்முறை. இவ்வளவுதான் திட்டம்.

பேச்சின் வரைவைத் திரும்பப் படித்தால் மனம் ஒப்பவில்லை. 'இயற்கையோடு இயைந்தவர்', 'உள்ளையும் வெளியையும் ஒன்றாக்கியவர்' என்று பத்தி பத்தியாக வருகிறது. பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்திவிடும். மரமும் ஏரியும் வெட்டவெளியும் அவருக்குப் பிடித்திருந்தன என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்தப் பிரியத்தால் அவர் மண்ணில் என்ன செய்தார், கூரையில் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. '1948-இல் கட்டிடக்கலை படித்துத் திரும்பியவர், பெந்தோட்டை அருகே லுணுகங்கையை ஓய்வில்லமாக வாங்கினார்' என்று ஒரு பலகையில் எழுதியிருக்கிறோம். இது சரியா? நடுமுற்றமும் ஓட்டுக்கூரையும் வைத்த அவருடைய வீடுகள் அந்த ஊர் மழையை எப்படித் தாங்குகின்றன என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

வளவு

தங்கச்சி, அந்தப் பலகையை முதலில் திருத்துங்கள். வரிசை தலைகீழாக இருக்கிறது. அதைச் சரி செய்தாலே உங்கள் பேச்சுக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

பாவா பிறந்தது கொழும்பில், 1919 ஜூலை 23. கேம்பிரிட்ஜில் படித்தது ஆங்கில இலக்கியம். பிறகு சட்டம் படித்து 1944-இல் பாரிஸ்டர் ஆனார். இலங்கைக்கு வந்து சில காலம் வழக்கறிஞர் தொழில் பார்த்தார், அது ஒட்டவில்லை. தாயார் 1946-இல் காலமானபின் தொழிலை விட்டு ஊர் ஊராகப் பயணம் போனார். இத்தாலியில் ஒரு வீடு வாங்கிக் குடியேற நினைத்தார், கைகூடவில்லை. திரும்பி வந்து 1948-இல் பழைய றப்பர்த் தோட்டம் ஒன்றை வாங்கினார். அதுதான் லுணுகங்கை. அப்போது அவருக்கு 29 வயது, கட்டிடக்கலையில் ஒரு கோடுகூடப் போட்டதில்லை.

அந்தத் தோட்டத்தை மனதில் நினைத்தபடி ஆக்கத் தொழில் அறிவு போதவில்லை. அதனால்தான் 1951-இல் கொழும்பில் ரீட் என்பவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். ரீட் அடுத்த ஆண்டே இறந்துபோனார். பாவா லண்டன் போய்ப் படித்து 1957-இல் தகுதி பெற்றபோது வயது 38. திரும்பி வந்து ரீட் இருந்த அதே 'எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக்' நிறுவனத்தைப் பொறுப்பேற்றார். ஆக, கட்டிடக் கலைஞர் ஒருவர் பொழுதுபோக்காகத் தோட்டம் போட்டதல்ல இது. தோட்டம் போட வந்தவரைத் தோட்டம்தான் கட்டிடக் கலைஞராக்கியது. முதல் பலகையில் 1948, 1951, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளையும் பெரிதாகப் போடுங்கள்.

அண்ணன் பெவிஸையும் விட்டுவிடாதீர்கள். பத்து வயது மூத்தவர். அளுத்கமைக்கு உள்ளே 'ப்ரீஃப்' என்ற தோட்டத்தை அவர் முன்பே அமைக்கத் தொடங்கியிருந்தார். அதுவும் றப்பர் நின்ற நிலம்தான். தம்பியின் கண்ணுக்கு எதிரே இருந்த முன்மாதிரி அது.

இனி லுணுகங்கை. சிங்களத்தில் 'லுணு' என்றால் உப்பு, 'கங்க' என்றால் ஆறு. தெத்துவ ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தாழ்ந்த குன்றுகள். ஒல்லாந்தர் காலத்தில் கறுவா, ஆங்கிலேயர் காலத்தில் றப்பர். பாவா அங்கே முதலில் செய்தது வெட்டும் வேலை. இதைப் பேச்சில் அழுத்திச் சொல்லுங்கள், பலருக்கும் தெரியாது. றப்பர் மரங்களை அகற்றி, வீட்டிலிருந்து பார்த்தால் எதிர்க்குன்றைத் தாண்டித் தண்ணீர் தெரியும்படி திறந்துவிட்டார். பழைய பங்களாவை இடிக்காமல் வாசலைத் திசை மாற்றினார். அதனால் வருகிறவர் கண்ணில் முதலில் படுவது ஏரி அல்ல. படியேறி, சுற்றி, வீட்டைக் கடந்த பிறகுதான் பார்வை திறக்கும்.

தெற்குத் திண்ணையிலிருந்து தெரியும் காட்சியைத் தனியாக ஒரு பலகையில் போடலாம். முன்னால் புல்வெளி இறங்கி மறுபடியும் ஏறி சினமன் ஹில் என்னும் குன்றுக்குப் போகிறது. அங்கே ஒரு மரம், அதனடியில் ஒரு பெரிய ஜாடி. அதற்கும் அப்பால் ஏரி, ஏரிக்கும் அப்பால் ஒரு விகாரையின் வெள்ளைத் தாதுகோபம் (பௌத்தத் தூபி). அந்த ஜாடி இல்லாவிட்டால் குன்று எவ்வளவு தூரம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. உயரம் ஊகிக்கக்கூடிய ஒரு பொருள் நடுவில் இருக்கும்போதுதான் தொலைவு அளவுக்கு வருகிறது. புல் இறங்கி ஏறும் அந்தப் பள்ளத்தில் பொதுவழி ஒன்று தோட்டத்தைக் குறுக்கே வெட்டிப் போகிறது. ஆனால் திண்ணையில் இருப்பவருக்குத் தெரியாது, வழி தாழ்ந்து கிடக்கிறது. வேலி போட்டிருந்தால் வேலி தெரிந்திருக்கும்.

தோட்டத்தில் ஆங்காங்கே மணிகள் தொங்கும். ஒவ்வொன்றின் ஓசையும் வேறு. எந்த மணி ஒலித்ததோ அந்த இடத்துக்குத் தேநீர் வரும். ஒரு நாளின் ஒவ்வொரு பொழுதுக்கும் ஓர் இருக்கை என்று அவர் வைத்திருந்தார். வெயில் எங்கே விழும், காற்று எப்போது ஏரியிலிருந்து திரும்பும் என்று ஐம்பது ஆண்டு பார்த்தவருக்கே அது முடியும். 1998-இல் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோகும் வரை வேலை ஓயவில்லை. அவருடைய அஸ்தி இருப்பதும் சினமன் ஹில்லில்தான்.

ஓட்டுச்சாய்ப்பு

மழைக் கேள்விக்கு வருகிறேன். முதலில் கூரை.

பாவாவின் கூரை என்றதும் எல்லோரும் படம் பிடிப்பது அரைவட்ட நாட்டு ஓட்டை. அதற்கு அடியில் இருப்பதை யாரும் படம் பிடிப்பதில்லை. அவருடைய பல கட்டிடங்களில் ஓட்டுக்குக் கீழே நெளி சிமெண்ட் ஷீட் கிடக்கிறது. அதன் நெளிவுகளிலேயே ஓடு உட்காரும். தண்ணீரைத் தடுப்பது ஷீட்டின் வேலை. வெயிலை வாங்குவதும் சத்தத்தைக் குறைப்பதும் கண்ணுக்கு அழகு தருவதும் ஓட்டின் வேலை.

ஏன் இப்படி? வெறும் நாட்டு ஓட்டுக்கு வாட்டம் 30 பாகையாவது வேண்டும். குரங்கும் பூனையும் தேங்காய் மட்டையும் ஓட்டை நகர்த்திவிடும். மல்லாந்த ஓட்டில் சருகு அடைத்தால் தண்ணீர் பக்கவாட்டில் ஏறி உள்ளே சொட்டும். அதனால்தான் ஊரில் ஆண்டுதோறும் மழைக்கு முன் ஆள் விட்டு ஓடு மாற்றுவார்கள். அடியில் ஷீட் இருந்தால் நாலு ஓடு விலகினாலும் வீடு நனையாது. வாட்டத்தையும் குறைக்கலாம். வாட்டம் குறைந்தால் நீளமான, தாழ்ந்த, தரையை ஒட்டிய கூரை கிடைக்கும். பாவாவின் கட்டிடம் மரங்களுக்குக் கீழே அடங்கி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைப் பார்த்துச் செய்கிறவர்கள் தவறும் இடங்கள் எனக்குத் தெரிந்து இவை. ஷீட்டுக்குக் கொக்கி போல்ட் போடும் துளை நெளிவின் மேட்டில் இருக்க வேண்டும். பள்ளத்தில் போட்டால் அன்றைக்கே ஒழுகும். ஷீட்டின் மேல்-கீழ் ஒட்டு (ஒரு ஷீட் அடுத்ததன் மேல் ஏறும் நீளம்) 15 செ.மீ.க்குக் குறையக் கூடாது. இறவாரத்தில், அதாவது கூரையின் கீழ் விளிம்பில், கடைசி வரிசை ஓடு வழுக்காமல் இருக்கக் கலவை வைத்துப் பூசும் கொத்தனார், பழக்கத்தில் பள்ளத்தின் வாயையும் சேர்த்து அடைத்துவிடுவார். அப்படி அடைத்தால் ஷீட்டின் மேல் வந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. தேங்கி, பின்னோக்கி ஏறி, ஒட்டு வழியாக உள்ளே வரும். மேட்டை மட்டும் பூசி, பள்ளத்தைத் திறந்து விட வேண்டும். அடுத்தது பாரம். ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோ. ஓடு ஒரே அடுக்கா இரண்டா என்பதைப் பொறுத்து இன்னும் 30 முதல் 60 கிலோ. ஷீட்டுக்கு மட்டும் கணக்குப் போட்ட சட்டத்தின் மேல் பிறகு ஓடு ஏற்றினால் இரண்டு மழைக்காலத்தில் நடுவில் தொய்ந்துவிடும்.

அந்தக் காலத்து ஷீட் அஸ்பெஸ்டாஸ். பழையதை அறுக்கவோ துளைக்கவோ கூடாது, தூசி நுரையீரலுக்குக் கேடு. இன்று செய்பவர்கள் அஸ்பெஸ்டாஸ் கலக்காத நார் சிமெண்ட் ஷீட்தான் வாங்க வேண்டும்.

இனி முற்றம். 1960-62-இல் கொழும்பில் பாத்திக் துணிக் கலைஞர் எனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடுதான் பாடப்புத்தகம். சின்ன நகர மனை, வெளியே மதில், உள்ளே திறந்த நடுமுற்றம். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் அது. கண்ணாடியும் இரும்பும் அரிது. ஓடு, மரம், கருங்கல், சுண்ணாம்புப் பூச்சு என்று உள்ளூரில் கிடைத்ததை வைத்தே முடித்தார்கள். மரத்தூணுக்குக் கருங்கல் பாதம் வைத்திருப்பதைக் கவனியுங்கள். தெறிக்கும் தண்ணீரும் கரையானும் மரத்தைத் தொடாமல் இருக்க அது.

தண்ணீர்க் கணக்கு: முற்றம் 4 × 5 மீட்டர், அதாவது 20 ச.மீ. உள்ளே சரியும் கூரை 40 ச.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 100 மி.மீ. அடிக்கும் மழையில் 60 ச.மீ.க்கு 6,000 லிட்டர், நிமிடத்துக்கு 100 லிட்டர். 1-க்கு 100 வாட்டத்தில் போட்ட ஒரு 4 அங்குலக் குழாய் இதைத் தாராளமாக எடுக்கும். ஆனாலும் இரண்டு குழாய் வேண்டும், எதிரெதிர் மூலையில். ஒரு மாவிலை போதும், ஒரு குழாய் அடைபட. முற்றத்துத் தரை தாழ்வாரத்தைவிட 15 செ.மீ. தாழ்வாக இருந்தால், இரண்டும் அடைபட்டாலும் கிட்டத்தட்ட அரை மணி நேரம் கிடைக்கும் (20 ச.மீ. × 0.15 = 3,000 லிட்டர்).

இறவாரத்தில் தகரப் பீலி வைக்காமல் தண்ணீரை நேராகக் கீழே விடுவதென்றால், சொட்டும் கோட்டை நடுவாக வைத்து 50 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழத்துக்குக் கூழாங்கல் நிரப்புங்கள். வெறும் மண்ணாக விட்டால் முதல் மழையிலேயே வெள்ளைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் தெறித்திருக்கும். தூவானம் தாழ்வாரத்துக்குள் வராமலிருக்க இறவாரம் ஒரு மீட்டராவது வெளியே நீள வேண்டும், உயரமும் தாழ்வாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் செய்தால் நனையும்.

செங்காந்தள்

இரண்டு பேருக்கும் நன்றி. ஆண்டுகளைத் திருத்திவிட்டோம். பேச்சு இனி தோட்டத்தில் தொடங்கும்.

செய்முறைக்கு என்ன செய்யலாம்? வளாகத்தில் இரண்டு வேப்பமரம், ஒரு பாறைத் திட்டு, கொஞ்சம் சரிவு இருக்கிறது. லுணுகங்கையில் மரக்கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று படித்தோம், அது உண்மையா? நாங்களும் செய்து காட்டலாமா? கண்டலம ஓட்டலைப் பற்றிப் பேச ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம், எதைச் சொல்ல வேண்டும்?

கயிறும்கட்டையும்

பாறைத் திட்டு இருக்கிறதென்றால் பொலன்தலாவையைச் செய்யுங்கள். நிக்கவரட்டிய பக்கத்தில் ஒரு தோட்ட அதிகாரிக்கான பங்களா, 1963-65. பாவாவும் அவருடன் வேலை செய்த டென்மார்க் கட்டிடக் கலைஞர் உல்ரிக் ப்ளெஸ்னரும் நிலத்தில் பெரிய பாறைக் கூட்டத்தைக் கண்டு, வீட்டை அங்கேயே கட்டுவதென்று முடிவு செய்தார்கள். குச்சியும் கயிறும் வைத்து அங்கேயே நின்று திட்டமிட்டார்கள். பாறையே சுவராகவும் உத்திரம் தாங்கும் தூணாகவும் ஆனது.

தேவையான பொருட்கள்: 60 செ.மீ. முளைக்குச்சி இருபது, 3 மீட்டர் மூங்கில் எட்டு, சணல் கயிறு 100 மீட்டர், அளவு நாடா, நீர்மட்டக் குழாய் (கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய் 10 மீட்டர் போதும்), இரண்டு பழைய வேட்டி. நான்கு பேர் கட்ட, நான்கு பேர் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல.

தாளில் வரைந்துகொண்டு போகாதீர்கள். முதலில் ஒருவர் நாற்காலி போட்டு எங்கே உட்கார ஆசை வருகிறதோ அங்கே உட்காரட்டும். அங்கிருந்து எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல முளை அடியுங்கள். பிறகு அவருக்கு முன்னால் 2.5 மீட்டரில் இரண்டு மூங்கில் நட்டு, இறவாரமாக வேட்டியின் கீழ் விளிம்பை முதலில் 2.7 மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து 1.15 மீட்டர். அவருக்கு மேல்நோக்கி 32 பாகை வரை வானம் தெரியும், கண் கூசும். அதையே 2.1 மீட்டருக்கு இறக்குங்கள். இப்போது 21 பாகைதான். கூசும் வானம் போய், பாறையும் வேரும் நிழலும் முன்னுக்கு வரும். பாவாவின் தாழ்வாரங்களில் தோட்டம் அவ்வளவு பக்கத்தில் தெரிவதன் சூட்சுமம் இந்த 60 செ.மீ.தான். வந்திருப்பவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து வேட்டியை ஏற்றி இறக்கிக் காட்டினாலே போதும், விளக்கம் வேண்டாம்.

தவறு பெரும்பாலும் சரிவில் வரும். நாடாவைச் சரிவோடு சேர்த்துப் பிடித்தால் அளவு கூடிவிடும். கிடைமட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டுத்தான் அளக்க வேண்டும். மரத்தை ஒட்டி முளை அடிக்கும்போது வேரில் இறக்காதீர்கள். அடிமரத்திலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

கண்டலமவுக்கு வருவோம். தம்புள்ளைக்கு அருகே, 1991-94. முதலில் பேசப்பட்ட இடம் சிகிரியாப் பாறைக்குப் பக்கம். பாவா அதை ஏற்கவில்லை. கண்டலமக் குளத்தின் மறுகரைக் குன்றைத் தேர்ந்தெடுத்தார். சிகிரியா தொலைவில் தண்ணீருக்கு அப்பால் தெரியும், அதன் காலடியில் கூட்டம் சேராது. கட்டும் காலத்தில் சூழல் ஆர்வலர்களும் பிக்குகளும் எதிர்த்துப் போராடியதையும் சொல்லுங்கள், மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் அஞ்சியது குளத்து நீருக்காகவும் காட்டுக்காகவும்.

அங்கே பார்க்க வேண்டியது அடிப்பகுதி. பாறைச் சரிவை வெட்டிச் சமதளமாக்காமல் கட்டிடத்தைத் தூண்களில் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். மழையில் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் கட்டிடத்துக்கு அடியிலேயே ஓடிப்போகும். பாறைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி உண்டு. சரிவில் சுவரை நேராக ஒட்டிக் கட்டினால் பின்னால் தண்ணீர் சேர்ந்து சுவர் ஆண்டு முழுக்க ஈரம் குடிக்கும். முகப்பில் மரச்சட்டங்கள், அவற்றின் மேல் கொடி. தட்டைக் கூரையில் செடி. தட்டைக் கூரையில் செடி வைப்பது அழகுக்காக மட்டும் என்று நினைத்துப் பலர் சோதனை செய்யாமல் மண் கொட்டுகிறார்கள். மண் போடும் முன் 48 மணி நேரம் 5 செ.மீ. தண்ணீர் கட்டி ஒழுக்கு பார்க்க வேண்டும். நனைந்த மண் 15 செ.மீ. கனத்துக்கே சதுர மீட்டருக்கு 250 கிலோவுக்கு மேல் வரும்.

கண்டலமவில் கட்டிடத்தின் நிறத்தையும் சொல்லுங்கள். சட்டங்கள் கருநிறம். உள்ளே நிற்கும்போது இருண்ட விளிம்பு கண்ணில் நிற்காது, வெளியே உள்ள பச்சைதான் நிற்கும்.

வளவு

ஒன்றை விட்டுவிட்டேன். இந்தக் கட்டிடங்களை நிற்க வைத்த பொறியாளர் கே. பூலோகசுந்தரம். 1967-இலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பாவாவின் தொழில் கூட்டாளி. பெந்தோட்டை பீச் ஓட்டல், கொழும்பை அடுத்த கோட்டேயில் சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி அதன் நடுவே எழுப்பிய இலங்கை நாடாளுமன்றம் (1979-82) எல்லாம் அந்தக் கூட்டணியின் காலம். தமிழில் நடக்கும் நினைவு நிகழ்ச்சியில் அவர் பெயர் வராமல் போகக் கூடாது.

தமிழ்நாட்டிலேயே பார்க்க ஓர் இடம் உண்டு. மதுரை கோச்சடையில் 1970-களின் தொடக்கத்தில் பாவா வடிவமைத்த மதுரை கிளப். இப்போது ஓட்டலாக இயங்குகிறது. இலங்கைக்கு வரும்போது கொழும்பில் முப்பத்துமூன்றாம் ஒழுங்கையில் அவர் குடியிருந்த வீட்டைப் பாருங்கள். நான்கு சின்ன பங்களாக்களை 1958-68-க்குள் ஒவ்வொன்றாகச் சேர்த்து, இடையிடையே கூரையை எடுத்துவிட்டு வெளிச்சக் கிணறுகளாக்கியது. முன்பதிவு செய்தே போக முடியும். எனா டி சில்வா வீட்டைக் கொழும்பில் தேடாதீர்கள். மனை கைமாறியபோது கல்லுக்கும் ஓட்டுக்கும் எண் போட்டுப் பிரித்து, லுணுகங்கைக்குக் கொண்டுபோய் மறுபடி கட்டியிருக்கிறார்கள். மே கடைசியில் வந்தால் அங்கே தென்மேல் பருவமழை. குடையோடு வாருங்கள். கூரையும் முற்றமும் வேலை செய்வதைப் பார்க்க அதுதான் சரியான காலம்.

ஓட்டுச்சாய்ப்பு

பாரம் கட்டியது உண்மை. லுணுகங்கையில் ஈழத்தலரி மரங்களின் கிளைகளில் எடை தொங்கவிட்டு, மேலே போகாமல் பக்கவாட்டில் படர வைத்தார்கள். வீட்டுக்கு முன்னால் விரிந்து கிடக்கும் மரத்தின் வடிவம் அப்படி வந்ததுதான். அதற்குக் கீழே பார்வை தடையில்லாமல் ஏரிக்குப் போகும்.

உங்கள் வேப்பமரத்தில் செய்ய வேண்டாம். முற்றிய வேப்பங்கிளை வளையாது, கவட்டில் கிழியும். தொட்டியிலோ தரையிலோ இளம் ஈழத்தலரி கிடைத்தால் செய்யலாம். கட்டைவிரல் பருமன் உள்ள கிளைதான் ஏற்றது. அரை லிட்டர் பாட்டிலில் மணல் நிரப்பினால் முக்கால் கிலோ வரும். தொடக்கத்தில் பாதி மணல் போதும். கயிறு பட்டையை அறுக்காமலிருக்க நாலு விரற்கடை அகலத்துக்குக் கோணித்துணி சுற்றி, அதன் மேல் தளர்வாகக் கட்டுங்கள். கிளையின் நுனியிலும் வேண்டாம், கவட்டுக்குப் பக்கத்திலும் வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் தொங்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் மணல் சேர்க்கலாம். அவசரப்பட்டால் பால் கசிந்து கிளை ஒடியும், அந்த மரத்தின் கட்டை அவ்வளவு மெது. பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கொரு முறை கயிற்றை அவிழ்த்து இடம் மாற்றிக் கட்ட வேண்டும், இல்லையென்றால் கிளை பருத்துக் கயிறு உள்ளே பதிந்துவிடும். காற்று மழை தொடங்கும் முன் பாட்டில்களை இறக்கிவிடுங்கள். ஆடுகிற பாரம்தான் கிளையை முறிக்கும்.